புள்ளியில் வராதவர்களை எண்ண யார் பணம் தருகிறார்கள்? பால் புதுமையர் ஆய்வு நல்கைகள்: காரைக்குடி வட்டாரத்துக்கான ஒரு மதிப்பீடு

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி அந்தப் புள்ளிப்படிதான் விழும். கல்யாணம் ஆகாதவர் வளவில் (பங்காளிகள் சேர்ந்து புழங்கும் வீட்டில்) இருப்பார், பந்தியில் சாப்பிடுவார், புள்ளியில் மட்டும் வரமாட்டார். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்புக் கொண்டவர்கள், ஊடுபாலினர் (பிறவியிலேயே ஆண், பெண் என்ற உடல் வரையறைக்குள் அடங்காதவர்கள்) ஆகிய பால் புதுமையர் பற்றி ஆய்வு செய்யக் கிளம்பும் எவருக்கும் முதல் தலைவலி இதுதான். ஆட்கள் இருக்கிறார்கள், கணக்கில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் இரண்டிலும் சேராமல் 'மற்றவர்' என்று பதிவானவர்கள் நாடு முழுக்க 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். நாட்டுக் கணக்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆறு வயது வரையிலான குழந்தைகள் என்பதைப் பார்த்தால், எழுதியவர் கை எங்கெங்கே தவறியதோ என்று தோன்றும். தன்பாலீர்ப்பைப் பற்றி அந்தப் படிவத்தில் கேள்வியே கிடையாது.

இந்த ஓட்டையை அடைக்கப் பணம் தருவதாகச் சொல்லும் வழிகளைத்தான் இங்கே உரசிப் பார்க்கிறோம். கல்லூரி ஆசிரியர், முனைவர் பட்ட மாணவர், ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன அறக்கட்டளை ஆகிய மூன்று தரப்பையும் மனதில் வைத்தே எழுதுகிறோம். சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

நல்கை (கிராண்ட்) கடிதத்தில் போட்டிருக்கும் தொகையை வைத்து எந்த ஃபண்டையும் மதிப்பிடக் கூடாது. இரண்டே கேள்வி. முதல் தவணை எப்போது கைக்கு வரும்? எந்தச் செலவை எழுத விடமாட்டார்கள்? இரண்டாவது கேள்வியில்தான் நல்ல ஆய்வுகள் கவிழ்கின்றன.

ஒரு சின்ன ஆய்வை எடுத்துக்கொள்வோம். காரைக்குடியை நடுவில் வைத்து தேவகோட்டை, சிவகங்கை, புதுக்கோட்டை வரை 30 பேரிடம் நேர்காணல், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். ஒலிப்பதிவு 45 மணி நேரம் தேறும். ஒரு மணி நேரப் பேச்சைத் தமிழில் எழுத்துக்கு எழுத்து இறக்க 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். ஒரு ஆள் முழு நேரம் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை மாத வேலை. பதிவுக்கு மணிக்கு 1,200 ரூபாய் கொடுத்தால் தட்டச்சுக்கே 54,000. கள உதவியாளர் இருவர், மாதம் 18,000 வீதம் ஐந்து மாதம்: 1,80,000. பேச வருபவருக்கு 500 ரூபாய் நேர ஈட்டுத்தொகை, 300 ரூபாய் பயணப்படி: 24,000. அறை வாடகை 20 நாளுக்கு 24,000. மனநல ஆலோசகர் பத்து அமர்வு 15,000. சமூகத்திலிருந்தே ஆறு பேர் கொண்ட ஆலோசனைக் குழு, நாலு கூட்டம், தலைக்கு 750 வீதம் 18,000. மேற்கோள் பகுதிகளை மட்டும் ஆங்கிலத்தில் பெயர்க்க 40 பக்கத்துக்கு 16,000. முடிவுகளை அவர்களிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சொல்லும் கூட்டத்துக்கு 20,000. தணிக்கை 15,000. கூட்டினால் 3,66,000. பத்து சதவீதம் எதிர்பாராச் செலவு சேர்த்தால் நாலு லட்சத்தைத் தொட்டுவிடும். ஆய்வாளர் சம்பளம் இதில் இல்லை.

அறை வாடகையைப் பார்த்து நிதி தருபவர்கள் புருவம் உயர்த்துவார்கள். வீட்டிலேயே பேசினால் என்ன என்பார்கள். முற்றம், பட்டாலை, இரண்டாம் கட்டு என்று ஒரு வளவுக்குள் நாலு குடும்பம் புழங்குகிற ஊரில், கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினால் அதுவே ஊர்ச் சேதி. லாட்ஜும் சரிவராது, வரவேற்பில் ஆதார் நகல் கேட்பார்கள். ஆளுக்கு ஆள் வந்து போவது வழக்கமாக உள்ள இடம்தான் தோது: கணினிப் பயிற்சி மையத்தின் பின்னறை, ஞாயிற்றுக்கிழமையில் வக்கீல் அலுவலகம். சிலர் உள்ளூரில் பேசவே மாட்டார்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ வருகிறேன் என்பார்கள். இரண்டும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அவர்களுக்கு 300 ரூபாய் போதாது, 600 வையுங்கள்.

அடுத்து வவுச்சர். யாரும் கவனிக்காத, ஆனால் எல்லா ஆய்வையும் பதம் பார்க்கிற காகிதம் இது. 500 ரூபாய் கொடுத்ததற்குக் கையெழுத்து எங்கே, அடையாள அட்டை நகல் எங்கே என்று தணிக்கையாளர் கேட்பார். திருநங்கை ஒருவர் தன் பெயரில் கையெழுத்துப் போடுவார். ஆதாரிலோ அம்மா அப்பா வைத்த பழைய பெயர் இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று தள்ளுபடி செய்வார்கள். பொருந்தினால் அதைவிட மோசம். பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் ஒரே கோப்பில் கிடக்கும், கோப்பின் முதுகில் ஆய்வுத் தலைப்பு பெரிய எழுத்தில் இருக்கும். ஜி-பேயில் போட்டால் காகிதமே வேண்டாமே என்று தோன்றும். அந்த ஃபோனை வீட்டில் வேறு யார் பார்க்கிறார்கள் என்பது தெரியாத வரை அதையும் செய்யக் கூடாது.

சரியாக நடக்கும் முறை ஒன்றுதான். வவுச்சரில் பெயர் வேண்டாம். 'கா-07' என்பது போல ஒரு குறியீடு, தேதி, தொகை, கொடுத்தவர் கையெழுத்து, ஆலோசனைக் குழுவிலிருந்து ஒரு சாட்சிக் கையெழுத்து. குறியீட்டுக்கு யார் என்ற பேரேடு தனி. அது உறையிட்டு நெறிமுறைக் குழுவின் (பங்கேற்பவருக்குத் தீங்கு வராமல் பார்த்து ஆய்வுக்கு ஒப்புதல் தரும் குழு) உறுப்பினர் செயலரிடம் இருக்கும். தணிக்கையாளர் குறியீடுகளை எண்ணிப் பார்க்கலாம், உறையைப் பிரிக்க முடியாது. ரெவின்யூ ஸ்டாம்பு 5,000 ரூபாயைத் தாண்டினால்தான் தேவை, 500-க்கு வேண்டாம். இந்த ஏற்பாட்டை விண்ணப்பத்திலேயே ஒரு பத்தியாக எழுதி, நெறிமுறைக் குழுவின் கூட்டக் குறிப்பிலும் ஏற்றிவிட வேண்டும். எழுத்தில் ஒப்புதல் இருந்தால் தணிக்கையாளர் ஏற்றுக்கொள்வார். வருஷக் கடைசியில் போய் விளக்கம் சொன்னால் 24,000 ரூபாயும் ஆய்வாளர் தலையில்தான்.

இனி ஒவ்வொரு வழியாக.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது முதலில் ஜே.ஆர்.எஃப்., அதாவது நெட் தேர்வு வழியாக யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. இதை யாரும் 'பால் புதுமையர் ஆய்வு நல்கை' என்று நினைப்பதில்லை, ஆனால் இந்தத் துறையில் உள்ளதிலேயே நம்பகமான பணம் இதுதான். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. இரண்டாண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000, மொத்தம் ஐந்தாண்டு. தலைப்பை யு.ஜி.சி. தீர்மானிப்பதில்லை, வழிகாட்டியும் துறை ஆய்வுக் குழுவும்தான் தீர்மானிக்கிறார்கள். 30 வயது வரம்பில் மூன்றாம் பாலினத்தவருக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. இதையும் பலர் பார்ப்பதில்லை. அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால் சமூகப்பணி, வரலாறு, தமிழ், கல்வியியல் என்று எந்தத் துறை வழியாகவும் நுழையலாம். குறை ஒன்று உண்டு. மாத உதவித்தொகை ஆய்வாளர் வயிற்றுக்குத்தான் போதும். மேலே சொன்ன நாலு லட்சத்துக்கு இதில் இடமில்லை. அதனால் முதலிரண்டு ஆண்டுகளில் ஆவணம் சார்ந்த வேலையை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பழைய பத்திரிகைகள், தீர்ப்புகள், அரசாணைகள். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த தொகுப்பை அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, 1994-இல் அது சென்னையில் நூலகமானது. நம் ஊர்ப் பொருளைப் பார்க்க ரயில் ஏறிப் போக வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தபடியே போய்ப் பார்க்கலாம். ஜே.ஆர்.எஃப்.புக்கு மதிப்பெண் போட்டால் பத்துக்கு ஒன்பது.

ஆசிரியர்களுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., அதாவது 1969-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றம். பணம் தனி ஆளுக்கு வராது, நிறுவனத்தின் கணக்குக்கு வரும். தவணை முறை. ஒவ்வொரு தவணைக்கும் முந்தையதன் யூ.சி. (பணத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) போக வேண்டும், ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்ற படிவம். இங்கே கவிழ்வது ஆய்வாளர் அல்ல, கல்லூரி அலுவலகம். கணக்கர் மாறினால் யூ.சி. மூன்று மாதம் தூங்கும், களத்தில் இரண்டு உதவியாளர்கள் சம்பளம் இல்லாமல் நிற்பார்கள். விண்ணப்பிக்கும் முன் முதல்வரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தவணை தாமதமானால் கல்லூரி முன்பணம் தருமா? மூன்றாண்டுக் கணக்கில் பர்மா கடைக்கு அனுப்பிய ஏஜெண்டுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னாலேயே கையில் கொடுத்தனுப்பிய ஊர் இது. அந்த வழக்கம் கல்லூரி அலுவலகங்களுக்கு வந்து சேரவில்லை.

தலைப்பு விஷயத்தில் ஒரு குறிப்பு. 'வாழ்வாதாரம்', 'முதுமை', 'வாடகை வீடு', 'பள்ளி இடைநிற்றல்' என்று பொருளை முன்னால் வைத்து, யாரைப் பற்றி என்பதைப் பின்னால் வைத்தால் மதிப்பீட்டாளர் முறையைப் படிப்பார். அடையாளத்தை மட்டும் முன்னால் வைத்தால் அடையாளத்தைப் பற்றியே கருத்துச் சொல்லிவிட்டு நிறுத்துவார். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஆய்வுக் கேள்வி எதுவோ அதுவே தலைப்பாக இருக்கட்டும் என்கிறோம்.

வெளிநாட்டுச் சிறு நிதிகளுக்கு வருவோம். நியூயார்க்கில் 1977-இல் தொடங்கிய அஸ்ட்ரேயா, ஆம்ஸ்டர்டாமில் 1983-இல் தொடங்கிய மாமா கேஷ், பன்னாட்டு டிரான்ஸ் நிதி ஆகியவை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். ஊடுபாலினருக்கென்று தனி நிதி வைத்திருப்பது அஸ்ட்ரேயா, 2015 முதல். இவை மூன்றும் அந்தந்தச் சமூகத்தவரே நடத்தும் குழுக்களுக்குத்தான் தரும். பேராசிரியர் தலைமையில் போனால் கதவு திறக்காது. 'ஆய்வு' என்ற சொல்லுக்கும் இங்கே மவுசு குறைவு. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே ஆவணப்படுத்துவது, அதை வைத்து அதிகாரிகளிடம் பேசுவது என்ற வடிவில் இருக்க வேண்டும். அந்த வடிவம் நம் வட்டாரத்துக்கு நன்றாகவே பொருந்தும். தொகை சிறியது, ஆனால் நேர ஈட்டுத்தொகை, அறை, ஆலோசகர் போன்ற செலவுகளுக்கு இவர்களிடம் அதிகம் வாதாட வேண்டியதில்லை.

இத்தனை நல்லதும் எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் என்ற வாசற்படியில் தடுக்கி விழுகிறது. பதிவு வேண்டுமானால் அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று நிதியாண்டில் தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவு காட்டியிருக்க வேண்டும். சின்னக் குழுக்களுக்கு அது மலை. மாற்று வழி முன் அனுமதி, படிவம் எஃப்.சி.-3பி: ஒரு கொடையாளர், ஒரு நோக்கம், ஒரு தொகை, கொடையாளரின் உறுதிக் கடிதம். 2025 ஏப்ரல் அறிவிப்புப்படி, அனுமதி கிடைத்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் பணத்தைப் பெற்று நாலாண்டுக்குள் செலவிட வேண்டும். பணம் வந்து விழ வேண்டிய கணக்கு பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில். டெல்லிக்குப் போக வேண்டாம், உள்ளூர்க் கிளை வழியாகவே தாள்களை அனுப்பலாம். அங்கிருந்து காரைக்குடியில் உள்ள செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆண்டறிக்கை எஃப்.சி.-4, டிசம்பர் 31-க்குள். மூன்று லட்சம் ரூபாய் நல்கைக்கு இவ்வளவும் என்றால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் இரண்டு இடத்தில் கடிக்கிறது. ஒன்று, நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. ஆய்வுக்கு இது தூக்குக் கயிறு போலத் தெரியும், ஏனென்றால் ஆய்வில் சம்பளம்தான் பெரும் செலவு. ஆனால் விதிகளிலேயே ஒரு சன்னல் உண்டு. முதன்மையாக ஆய்விலோ பயிற்சியிலோ ஈடுபட்டுள்ள அமைப்பில், களத் தரவு சேகரிப்பவர், பகுத்தாய்பவர் ஆகியோரின் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது. 'முதன்மையாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தில் அன்னதானம், மருத்துவ முகாம், தையல் பயிற்சி என்று எழுதிக் கடைசி வரியில் 'ஆய்வும்' என்று போட்டிருந்தால் அந்தச் சன்னல் திறக்காது. பத்திரம் எழுதும் நாளிலேயே பார்க்க வேண்டிய சங்கதி இது.

இரண்டாவது கடி இன்னும் ஆழம். வெளிநாட்டுப் பணம் பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. முன்பெல்லாம் சென்னையில் பதிவு பெற்ற பெரிய அமைப்பு பணத்தை வாங்கி, நம் ஊர் மாதிரிச் சின்ன ஊர்க் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த வாய்க்கால் அடைபட்டுவிட்டது. மிஞ்சியிருப்பது, பெரிய அமைப்பே நேரடியாகச் செலவு செய்வது: காரைக்குடிக்காரரை ஊழியராகவோ சேவை ஒப்பந்தக்காரராகவோ அமர்த்தி, பில் வாங்கி, டி.டி.எஸ். பிடித்துக் கொடுப்பது. பில்லில் நிஜமான வேலை இருக்க வேண்டும். '12 நேர்காணல், எழுத்து வடிவம், குறிப்புகள்' என்றால் வேலை. 'கூட்டு முயற்சிக்கான ஆதரவு' என்று எழுதினால் அது மாறுவேடம் போட்ட நல்கை, மாட்டிக்கொண்டால் பெரிய அமைப்பின் பதிவே போய்விடும்.

திருநங்கையர், திருநம்பியர் நிர்வாகிகளாக உள்ள அறக்கட்டளைக்கு இன்னொரு முடிச்சு. எல்லா நிர்வாகிகளின் ஆதாரும் கேட்பார்கள், அது பான், வங்கி, தர்ப்பண் (தொண்டு அமைப்புகளுக்கான அரசு இணையதளம்) பதிவு எல்லாவற்றோடும் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். பெயர் மாற்றும் வரிசை தப்பினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும். முதலில் 2019 சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழ், தேசிய இணையதளம் வழியாக. பிறகு ஆதார், அடுத்து பான், அடுத்து வங்கி, கடைசியில்தான் தர்ப்பண். முதல் எழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதை ஆதார் திருத்தும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பல நேரம் அந்த ஒற்றை எழுத்தால்தான்.

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கையில் இருப்பவருக்கு இந்தச் சிறு நிதிகள் பத்துக்கு எட்டு. இல்லாதவருக்கு இரண்டு.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டாய்வு என்பது தொகையில் பெரியது, குணத்தில் வேறு. பல இடங்களில் செலவு செய்து பில் அனுப்பினால்தான் பணம், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கைமுதல் இல்லாத குழு இதில் இறங்கக் கூடாது. உடல்நலம் சார்ந்த ஆய்வாக இருந்தால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆய்வு மன்றம்) வழியாக சுகாதார அமைச்சகத்தின் சோதனைக் குழு ஒப்புதலும் வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்புதல் அதற்கு முன்பே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மூன்று இடத்தில் விரல் வைத்துப் படியுங்கள்: தமிழ் மூலப்பதிவு யாரிடம் இருக்கும், கட்டுரையில் களத்தில் வேலை செய்தவர் பெயர் வருமா, ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் செய்து முடித்த வேலைக்குப் பணம் உண்டா.

மூன்றாவதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், 2025. வளரும் நாடுகளில் பால் புதுமையர் பற்றிய ஆய்வுக்கு அரசுப் பணத்தைத் தைரியமாக இறக்கியவர்களில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்ட் முக்கியமானது. 2013-இல் சுவீடன் அரசின் உதவி முகமையான சிடா, அஸ்ட்ரேயா, கலிஃபோர்னியாவின் வில்லியம்ஸ் ஆய்வு நிறுவனம் முதலியவற்றோடு ஒரு கூட்டணி அமைத்தது. உரிமைக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை 39 நாடுகளின் தரவை வைத்துப் பார்த்த 2014 ஆய்வு அந்தப் பணத்தில் வந்தது. அதே ஆண்டு உலக வங்கிக்காகப் பொருளியல் அறிஞர் லீ பேட்ஜெட் செய்த இந்திய ஆய்வு, ஒதுக்கிவைப்பதால் நாட்டுக்கு ஆகும் இழப்பை மொத்த உற்பத்தியில் 0.1 முதல் 1.7 சதவீதம் வரை என்று மதிப்பிட்டது. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் 17 மடங்கு தூரம். ஆய்வாளர் திறமைக் குறைவு அல்ல காரணம். உள்ளே போட இந்தியத் தரவு இல்லை. அந்தத் தரவு காரைக்குடி மாதிரி ஊர்களிலிருந்துதான் வர வேண்டும்.

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது, ஜூலை 1-ஆம் தேதியோடு யு.எஸ்.எய்ட் கதையே முடிந்தது. ஹைதராபாத்தில் 2021 முதல் திருநங்கையர், திருநம்பியருக்காக நடந்த மித்ர் கிளினிக் சில நாளில் கதவைச் சாத்தியது. மே மாதம் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களும் வெளிநாட்டு உள்நல்கை முறையை, அதாவது அமெரிக்க நிறுவனம் தன் நல்கையில் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கூட்டாளிக்குத் தருவதை, நிறுத்தின. ஒரே கிணற்றில் இறைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆண்டில் கயிறு அறுந்தது. இப்போது இந்த வழிக்கு ஐந்துக்கு மேல் மதிப்பெண் போட மனமில்லை, ஐரோப்பியப் பணமாக இருந்தாலும்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு பழைய பாடமும் உண்டு. இங்கே இந்தத் துறைக்கு வந்த முதல் பெரும் பணம் எச்.ஐ.வி. பணம். 1995-இல் யு.எஸ்.எய்ட் உதவியோடு சென்னையின் வி.எச்.எஸ். மருத்துவமனை நடத்திய ஏபாக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம், 2003-க்குப் பிறகு கேட்ஸ் அறக்கட்டளையின் அவாஹன் திட்டம். உயிர்களைக் காப்பாற்றியது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் பணம் எதைக் கேட்டதோ அதைத்தான் ஆய்வும் எண்ணியது. 2014-15 தேசியக் கணக்கில் ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் எச்.ஐ.வி. 4.3 சதவீதம், திருநங்கையரிடம் 7.5 சதவீதம் என்று புள்ளி பிசகாமல் சொல்ல முடிகிறது. அவர்கள் எத்தனை வாடகை கொடுக்கிறார்கள், அறுபது வயதில் யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்டால் அந்தக் கணக்கில் பதில் இல்லை. பெண்ணை விரும்பும் பெண்ணும் திருநம்பியும் அந்தத் திட்டங்களின் இலக்குப் பட்டியலிலேயே கிடையாது, எனவே அவர்களைப் பற்றிய கோப்பு வெற்றுக் கோப்பு. புதிதாகத் தொடங்குபவர் இங்கிருந்து தொடங்கினால் சின்னத் தொகையிலும் பெரிய வேலை செய்யலாம்.

சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பற்றி இரண்டு வரி போதும். கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஆய்வு என்று இருப்பது அறிவியல், தொழில்நுட்பம், மருத்துவம் சார்ந்தது. சமூக ஆய்வை 'சமத்துவமின்மையைக் குறைத்தல்' என்ற தலைப்பில் ஒரு பயிற்சித் திட்டத்தின் வாலாக ஒட்டலாம். வாலுக்கு வரும் பணமும் வால் அளவுதான்.

பணம் எதுவானாலும் நெறிமுறைக் குழு ஒன்றுதான். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டி பாலியல் சிறுபான்மையினரைத் தனிக் கவனம் தேவைப்படும் பிரிவில் வைக்கிறது. சொந்தக் குழு இல்லாத அறக்கட்டளை, குழு உள்ள நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதம் ஆகும், அதைக் கால அட்டவணையில் முதலிலேயே எழுதுங்கள். கையெழுத்தே ஆபத்து என்றால் வாய்மொழிச் சம்மதம் போதும் என்று குழுவிடம் கேட்டு வாங்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே எடுக்காதீர்கள்: பெற்றோர் கையெழுத்து வாங்கப் போவதே பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும்.

சம்மதப் படிவத்தின் தமிழ் தனிக்கதை. மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்தால் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று வந்து நிற்கும். அது ஆளைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லும் சொல். சென்னை உயர் நீதிமன்றத்தின் வழக்கு ஒன்றைத் தொடர்ந்து 2022-இல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 'பால் புதுமையர்' அதில் உள்ளது. படிவத்துக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் அவர்கள் சொல்வது 'கோத்தி' (ஆண்களை விரும்பும், பெண்தன்மை கொண்ட ஆண்), 'டி.ஜி.' (டிரான்ஸ்ஜெண்டர்) என்றால் கேள்வித்தாளில் அதுவே இருக்கட்டும். 'குடும்பத் தலைவர் யார்' என்ற கட்டத்தையும் மாற்ற வேண்டும். தாய், மகள், பேத்தி என்று முறை வைத்து ஒரே வீட்டில் ஐந்து திருநங்கையர் இருந்தால் சாதாரணக் கேள்வித்தாள் அவர்களை 'உறவில்லாத ஐவர்' என்று எழுதிக்கொள்ளும்.

கூப்பன் முறையில் ஆள் சேர்ப்பது, அதாவது ஒருவருக்கு மூன்று கூப்பன் கொடுத்து நண்பர்களை வரவழைப்பது, சென்னையிலும் மதுரையிலும் நன்றாக ஓடும். இங்கே இரண்டாம் சுற்றிலேயே சங்கிலி அறுந்துவிடும், ஏனென்றால் சினேகிதம் பெரும்பாலும் வெளியூரில். போதாததற்கு அந்தக் கூப்பன் சட்டைப் பையில் இருந்து துவைக்கும் கைக்குப் போகும். காகிதத்தை விட்டுவிட்டு ஒரு தனி எண்ணுக்கு மிஸ்டு கால் என்று வைத்தால் அந்த ஆபத்து குறையும். 30 பேர் என்று விண்ணப்பத்தில் எழுதாமல் '20 முதல் 30 வரை' என்று எழுதுங்கள், இல்லையேல் கடைசி ஏழு பேருக்காகத் தரம் போய்விடும்.

கடைசி வழி, உள்ளூர்ப் பணம். மகமை (வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்குவது) எடுத்துப் பள்ளியும் கல்லூரியும் கட்டிய வட்டாரத்தில் மூன்று நான்கு லட்சம் திரட்டுவது ஆகாத காரியமல்ல. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தவணை இல்லை, யூ.சி. இல்லை, நாளைக்கே வேலை தொடங்கலாம். தட்டச்சு, அறை, திரும்பச் சொல்லும் கூட்டம் என்று மற்ற நல்கைகள் மறுக்கும் செலவுகளுக்கு இதை ஒதுக்குங்கள். 80ஜி ரசீது கேட்பவரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள், அவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. இதற்கு எட்டு மதிப்பெண்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று, அதுவும் செட்டிநாட்டுக்கே உரியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் சொந்தக்காரர் பணம். இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு அல்ல. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும், கானாடுகாத்தானில் அவருக்கு வீடே இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்.சி.ஆர்.ஏ. இல்லாமல் ஒரு ரூபாய் கூடத் தொடக் கூடாது. திருவிழாவுக்கு வந்திருக்கும்போது ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அதே கதைதான். ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும்போதே பெயருக்குக் கீழே 'குடியுரிமை' என்று ஒரு கட்டம் போட்டுவிடுங்கள், இந்தியப் பாஸ்போர்ட் எண்ணுக்கு இன்னொன்று. அண்ணன் முறை ஆகிறவரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்களுக்காகத்தான் அந்தக் கட்டம். கேட்பது நீங்கள் இல்லை, புத்தகம்.